எண்களுக்குப் பெயர் தந்தவர்களுக்கு

அன்புள்ள ஜெஸ் வின்ஃபீல்ட், பாப்ஸ் கேனவே, மற்றும் உங்கள் குழுவினருக்கு,

‘லிலோ அண்ட் ஸ்டிட்ச்: தி சீரீஸ்’ கார்ட்டூன் தொடரைத் தயாரித்ததற்காக உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல். 2003 முதல் 2006 வரை வந்த அந்த 65 அத்தியாயங்களையும் இப்போது என் மகள் பார்க்கிறாள். சிரித்துச் சிரித்து விக்கல் எடுக்கிறது அவளுக்கு.

தண்ணீர் பட்டதும் உருண்டைக்குள்ளிருந்து ஒரு விநோதப் பிராணி குதிக்கும், ஊரையே கலக்கும், சிறுமி லிலோவும் அவளுடைய வேற்றுக்கிரகத் தோழன் ஸ்டிட்சும் துரத்திப் பிடிப்பார்கள். பிடித்ததோடு கதையை முடித்திருந்தாலும் பிள்ளைகள் கைதட்டியிருப்பார்கள். நீங்கள் அதோடு விடவில்லை. விஞ்ஞானி ஜும்பா வெறும் எண் கொடுத்துப் படைத்த அந்தப் பிராணிகளுக்கு லிலோ பெயர் வைக்கிறாள். ஹவாயின் கவாய் தீவிலேயே அவற்றுக்குத் தோதான இடம் தேடுகிறாள். தொடருக்கு முன்னோட்டமாக வந்த படத்தில் வரும் 221-ஐ மறக்கவே முடியாது. உடம்பெல்லாம் மின்சாரம், தொட்டதெல்லாம் நாசம். அவன்தான் ‘ஸ்பார்க்கி’ ஆகி, மின்செலவு கட்டுப்படியாகாமல் மூடிக்கிடந்த கிலாவேயா கலங்கரை விளக்கத்தை எரியவைக்கிறான். கெட்டதை நல்லதாக மாற்றுவதாக லிலோ சொல்லிக்கொள்வாள். ஆனால் ஸ்பார்க்கியின் மின்சாரத்தை யாரும் பிடுங்கவில்லையே! அது தேவைப்படும் இடத்தில் அவனைக் கொண்டுபோய் விட்டார்கள், அவ்வளவுதான். இதற்காகவே உங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

வெளியிலிருந்து வருபவர்களுக்கு இடம் தருவது ஹவாய்க்குக் கற்பனை மட்டுமல்ல. கரும்புத் தோட்ட வேலைக்குச் சீனர், ஜப்பானியர், போர்த்துகீசியர், பிலிப்பினோக்கள் என்று வந்துகொண்டே இருந்த மண் அது. 1879-இல் மதீரா தீவிலிருந்து வந்தவர்களின் சின்னஞ்சிறு நரம்புக் கருவிதான் அங்கே உகுலேலே ஆனது. வந்தவர்களால் அந்த மண்ணின் மக்கள் இழந்ததும் உண்டு. 1896-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பள்ளிகளில் ஹவாய் மொழியில் பாடம் நடத்த வழியில்லாமல் போனது. அதனால்தான், ஹூலா ஆடும் பூர்வகுடிச் சிறுமியான லிலோவே விருந்தாளிகளுக்கு ஊர் வழக்கம் சொல்லித்தருவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. வந்தவனுக்கு இடமும் உண்டு, வீட்டுக்காரிக்கு மரியாதையும் உண்டு.

2008-இல் ஜப்பானியக் கலைஞர்கள் ஸ்டிட்சை ஓகினாவா பக்கத்துக் கற்பனைத் தீவு ஒன்றுக்கு அழைத்துப்போய், யூனா என்ற சிறுமியோடு புதுத் தொடர் எடுத்தார்கள். 1900-இல் ஓகினாவாவிலிருந்து கப்பலில் ஹவாய்க்குப் போய் இறங்கியவர்கள் உண்டு. இந்த முறை ஹவாயிலிருந்து ஒருவன் அங்கே போய்ச் சேர்ந்தான். என் மகள் அடுத்து அதைத்தான் பார்க்கப்போகிறாள்.

சென்னையிலிருந்து ஒரு தாய்