ஊர்ந்து சென்ற கோடு

எங்கள் கடற்கரைப் பங்கில் பீடச்சிறுவன் ஒருவனின் பாதத்தில், நூல்போல் சிவந்த கோடொன்று வளைந்து வளைந்து தடித்திருந்தது. இரவெல்லாம் ஓயாத அரிப்பு. பாட்டி அக்கியென்று கூறிக் காவி எழுதுவித்தாள். நானோ படர்தாமரையென எண்ணி, "தொற்றிவிடும் தம்பி, குணமாகும்வரை பீடத்திற்கு வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். தலைகுனிந்து சென்றான்.

பத்து நாட்களில் அதே கோடு என் குதிகாலிலும் தோன்றியது. அதன் நுனியில் மையால் குறியிட்டேன். மறுநாள் நுனி குறியைத் தாண்டி ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் ஊர்ந்திருந்தது! படர்தாமரை வட்டமாய்ப் பரவுமேயன்றி இவ்விதம் பயணம் போவதில்லையே.

தோல் மருத்துவர் இரத்தப் பரிசோதனை எதுவும் கேட்கவில்லை. கோட்டை உற்றுநோக்கி, "வெறுங்காலுடன் மணலில் நடப்பதுண்டா, சாமி?" என்றார். கெபியின் பின்னே தென்னை நிழலில் குவித்த மணலில்தான் நானும் சிறுவர்களும் மாலைதோறும் அமர்வோம். பகலில் தெருநாய்களின் படுக்கையும் அதுவே. நாய், பூனைகளின் குடலில் வாழும் கொக்கிப்புழுவின் முட்டைகள் அவற்றின் மலத்தோடு விழுந்து, ஈரமணலில் பொரிந்து, அவ்விளம்புழுக்கள் நம் தோலைத் துளைக்கின்றன. மனித உடலினுள் ஆழச் செல்ல வகையின்றி மேல்தோலிலேயே அலைந்து, சில வாரங்களில் மடிகின்றன. அல்பெண்டசோல் மாத்திரை மூன்று நாட்கள் உண்டேன், அரிப்பு அடங்கியது.

"இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது" என்று அவர் சொன்னபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே சிறுவனின் வீட்டு வாசலில் நின்று என் தவற்றைச் சொன்னேன். "அதனாலென்ன சாமி" என்றாள் தாய். அவன் மட்டும் கதவுக்குப் பின்னிருந்து வெளிவரவில்லை. மறுநாள் மருத்துவரிடம் அழைத்துச் செல்கையில்தான், பேருந்தில், மெல்லக் கேட்டான்: "உங்க கால்ல கோடு எவ்வளவு தூரம் போச்சு, சாமி?"