மஸ்கற் மாநகரில் ஒரு பகல்

"மஸ்கற்" என்றதும் எமது வீட்டுப் பிள்ளைகளின் நாவில் நீர் ஊறும். எண்ணெய் மினுங்கத் துண்டு துண்டாக வெட்டி, மரமுந்திரிகைப் பருப்புப் பதித்து வைக்கப்படும் அந்த இனிய பண்டத்தை அறியாதார் இலங்கையில் மிகச் சிலரே. அதே பெயர் தாங்கிய மாநகரம் ஒன்று ஓமான் குடாக்கடலின் கரையில் இருப்பதை அறிந்தவர் அத்துணைப் பேர் இரார்.

மேனாட்டுக்குச் செல்லும் வழியில், விமானம் மாறுவதற்காக அந்நகரில் 14 மணித்தியாலம் தங்க நேர்ந்தது. மாதமோ ஆகஸ்ட். விமான நிலையத்தின் குளிர்ந்த கூடத்திலேயே உறங்கிப் பொழுதைக் கழித்திருக்கலாம். ஆயினும், ஒரு நாட்டின் வாயிற்படி வரை வந்துவிட்டு உள்ளே எட்டிப் பாராமற் போவது அழகன்று என்று எண்ணி, உரிய அனுமதி பெற்று வெளியே வந்தோம். கதவு திறந்தது. நெல் அவிக்கும் கொட்டிலுக்குள் நுழைந்தாற் போல் வெக்கை முகத்தில் அறைந்தது. அப்பொழுது காலை எட்டு மணிதான்!

கடலடியிலிருந்து எழுந்த மலை

அந்நாட்டில் வாடகைக் கார் ஓட்டுவோர் அந்நாட்டு மக்களே. எமக்கு வாய்த்தவர் நீண்ட வெள்ளை அங்கியும், 'கும்மா' எனப்படும் பூவேலைத் தொப்பியும் அணிந்த ஒரு முதியவர். ஆங்கிலமும் இந்தியும் கலந்து இனிமையாகப் பேசினார்.

மஸ்கற் நகரம் கடலுக்கும் மலைக்கும் இடையே நெருங்கி நீண்டு கிடக்கிறது. மலைகளில் ஒரு புல்லும் இல்லை. கருமையும் கபிலமும் கலந்த வெறும் பாறைகள். இப்பாறைகளிற் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஆழ்கடலின் அடித்தளமாய் இருந்தது என்றும், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் நிலத்தின்மேல் தள்ளப்பட்டது என்றும் புவியியலறிஞர் கூறுவர். பகலெல்லாம் வெயிலைக் குடிக்கும் இப்பாறைகள் இரவில் அதனை உமிழ்கின்றன. மஸ்கற்றுக்குத் தென்கிழக்கே குரையாத் என்னும் கடற்கரை ஊரில், 2018 ஆம் ஆண்டு ஜூன் 26 ஆம் நாள் முழுவதும் உஷ்ணம் 42.6 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கவேயில்லை. நள்ளிரவிலும் அந்த நிலைதான்! இரவும் குளிராத ஊரில் மனிதர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதைக் காணவே எமக்கு ஆவல் மிகுந்தது.

பள்ளிவாசலின் கம்பளம்

முதலிற் கண்டது சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசல். 2001 இல் திறக்கப்பட்டது. முஸ்லிம் அல்லாதாரும் வெள்ளி தவிர்ந்த நாட்களில் காலை 8 மணி முதல் 11 மணி வரை உள்ளே சென்று பார்க்கலாம். பெண்கள் தலையை மூடியிருத்தல் வேண்டும். இந்தியாவிலிருந்து தருவித்த மணற்கல்லால் எழுந்த வளைவுகளின் நிழலில் நடந்தபோது வெளிவெயில் மறந்தே போயிற்று. தொழுகை மண்டபத்தில் விரித்திருக்கும் கம்பளம் மிகப் பெரியது. 70 மீற்றர் நீளம், 60 மீற்றர் அகலம், 21 தொன் நிறை. ஈரானின் குராசான் நாட்டு நெசவாளப் பெண்கள் அறுநூறு பேர் நான்கு ஆண்டுகள் முடிச்சிட்டு முடித்ததாம். பெயர் அறியாத அந்தப் பெண்களின் விரல்களை எண்ணியவாறே வெளியே வந்தோம்.

இரு கோட்டைகள்

பழைய மஸ்கற் நகரம் மிகச் சிறியது. நீலமும் பொன்னும் தீட்டிய தூண்களையுடைய அல் ஆலம் அரண்மனையை வெளியே நின்றுதான் பார்க்கலாம். அதன் இருமருங்கும் செங்குத்தான பாறைகளின்மேல் ஜலாலி, மிரானி என்னும் இரு கோட்டைகள் துறைமுகத்தைக் காத்து நிற்கின்றன. 1580களில் போர்த்துக்கேயர் எழுப்பியவை அவை. 1507 இல் இந்நகரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1650 இல் ஓமானியரால் துரத்தப்பட்டனர். எட்டு ஆண்டுகள் கழித்து, 1658 இல், அதே போர்த்துக்கேயர் யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஒரே பேரரசு; ஒரே கடல்; இரு வேறு முடிவுகள். அங்கே மண்ணின் மைந்தர் தம் நாட்டை மீட்டனர். இங்கே எசமானர் மாத்திரமே மாறினர். மாணவர்கள் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

"1970 வரையில் இரவானதும் இந்நகரின் வாயிற் கதவைச் சாத்திவிடுவார்கள். பின்னர் தெருவில் நடப்பவர் கையில் விளக்கு ஏந்த வேண்டும்," என்றார் எமது சாரதி. அந்நாளில் ஓமான் முழுவதிலும் செப்பனிட்ட வீதி பத்துக் கிலோமீற்றர் அளவே இருந்தது. அவ்வாண்டு பட்டத்துக்கு வந்த சுல்தான் காபூஸ் 2020 இல் மறையும் வரை ஆண்டு, எண்ணெய் வருவாயைக் கொண்டு வீதியும் பள்ளியும் மருத்துவமனையும் அமைத்தார். ஆயினும் நகரம் வானளாவ எழவில்லை. கட்டிடங்கள் தாழ்ந்தும், வெயிலைத் திருப்பிவிடும் வெண்ணிறத்திலுமே இருக்கின்றன.

நிழலின் விலை

நண்பகல் கழிந்து சிறிது நேரம். உஷ்ணம் நாற்பது பாகை. தெருவில் ஒரு நாயும் இல்லை. கடைகள் கதவடைத்துவிட்டன, மாலையில்தான் திறப்பர். வீதியோர வேப்பமரம் ஒன்றின் கீழ் தொழிலாளர் சிலர் படுத்திருந்தனர். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் 12.30 முதல் 3.30 வரை திறந்த வெளியில் வேலை வாங்கலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம்.

நாம் தமிழிற் பேசுவதைக் கேட்டு அவர்களுள் ஓர் இளைஞர் எழுந்து வந்தார். "நீங்க எந்த ஊர் ஐயா?" என்றார். தாம் மட்டக்களப்பு என்றார். நடைபாதைக்குக் கல் பதிக்கும் வேலை. அடுத்து அவர் கேட்டது எம்மை வியப்பில் ஆழ்த்தியது. நாட்டு நடப்பைக் கேட்கவில்லை, விலைவாசியைக் கேட்கவில்லை. "ஊரில மழை விழுந்திச்சா ஐயா?" என்றே கேட்டார்.

இல்லை என்றோம்.

"வயலுக்குத் தண்ணி வராத வருசந்தான் நான் வெளிக்கிட்டன். அங்க வெயில் எண்டு ஓடி வந்தன், இஞ்ச வந்துதான் வெயிலைக் கண்டன்," என்று சிரித்தார். அவர் சிரித்தார், எம்மால் இயலவில்லை. மூன்றரை மணிக்கு மீண்டும் வெயிலில் இறங்க வேண்டியவர் அவர். குளிரூட்டிய காருக்குத் திரும்பியவர்கள் நாம்.

ஆணியில்லாக் கப்பல்

அல் புஸ்தான் என்னும் இடத்தில், வீதிச் சந்தியின் நடுவே 'சொஹார்' என்னும் பாய்க்கப்பல் ஒன்று நிற்கிறது. ஆணி அறையாமல், பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றினால் தைத்து ஆக்கிய கப்பல்! பண்டை அராபியர் கட்டிய முறையிலேயே அமைத்து, ரிம் செவரின் என்னும் ஆங்கிலேயர் 1980 இல் ஓமானிலிருந்து புறப்பட்டு, இலங்கையையும் தொட்டு, 1981 இல் சீனத்தின் கன்ரன் துறையை அடைந்தார். சிந்துபாத் கதையில் வரும் செரந்தீப் எமது தீவே அன்றோ! அராபியர் சோளகத்தில் கிழக்கே வந்து வாடையில் திரும்பினர். அன்று அவர்கள் பிழைப்புத் தேடி எம் கரைக்கு வந்தனர். இன்று எம்மவர் அவர்கள் கரைக்குச் செல்கின்றனர்.

மாலையில் மலரும் ஊர்

வெயில் சாய்ந்ததும் மத்ரா கடற்கரை வீதி உயிர் பெற்றது. பழைய கடைத்தெருவின் கூரையிட்ட சந்துகளில் வெள்ளி வேலைப்பாடுகளும் வளைந்த குத்துவாள்களும் குவிந்து கிடந்தன. தோபார் மலைச்சாரலில் விளையும் குந்துருக்கத்தின் புகை எங்கும் மணத்தது. கடைக்காரர் ஒருவர் பேரீச்சம்பழமும், ஏலம் இட்ட 'கஹ்வா' என்னும் கோப்பியும் தந்து உபசரித்தார். போதும் என்பதற்குச் சிறு கோப்பையை அசைத்துக் காட்ட வேண்டும். அது தெரியும் வரை அவர் ஊற்றிக்கொண்டேயிருந்தார்! நெய்யும் குங்குமப்பூவும் பன்னீரும் சேர்த்துக் கிண்டிய அவர்களது அல்வாவையும் உண்டோம். எமது மஸ்கற்றிலும் மென்மையானது. கரண்டியால் அள்ளி உண்பது.

விமான நிலையத்துக்குத் திரும்புகையில் சாரதி தம் ஊரைப் பற்றிக் கூறினார். ஓமானின் உள்ளூர்களில் 'பலஜ்' எனப்படும் பழங்கால்வாய்கள் மலையூற்று நீரைத் தோட்டங்களுக்குக் கொண்டுவருகின்றன. அவற்றுள் ஐந்தினை 2006 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. பகலில் சூரிய நிழலையும் இரவில் விண்மீன்களையும் பார்த்து, ஒவ்வொருவருக்கும் இத்துணை நேரம் என்று நீரைப் பங்கிடுவது வழக்கமாம். "தண்ணீர் பொதுவானது, முறைதான் உரிமை," என்றார் அப்பெரியவர்.

வெப்ப நாடுகளுக்குச் செல்லும் நண்பர்கள் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு செல்லட்டும். நண்பகலில் உறங்கி மாலையில் உலாவட்டும். அவற்றோடு மரத்தடியில் இளைப்பாறும் மனிதரிடமும் இரண்டு வார்த்தை பேசட்டும். நீரை நாழிகை பார்த்துப் பங்கிடக் கற்ற நாடு நிழலையும் அவ்வாறே பங்கிடத் தொடங்கியிருக்கிறது. மூன்று மணித்தியாலம் சிறிதுதான்; ஆயினும் அந்த மட்டக்களப்பு இளைஞருக்கு அதுவே பெரிது. எமது நாட்டிலும் வயலிலும் வீதியிலும் உச்சி வெயிலில் உழைப்போருக்கு அத்தகைய மூன்று மணித்தியாலத்தை நாம் எப்பொழுது அளிக்கப் போகிறோம்?