உருகாது, கருகும்

ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு பதிவு. கோட் அடிச்சு அடிச்சு தமிழே மறந்துடுமோன்னு பயம் வந்துடுச்சு மக்களே :-)

போன மாசம் ஊருக்குப் போனப்போ அம்மா பரணை ஒழிக்கச் சொன்னாங்க. பித்தளை அண்டாவுக்குப் பின்னாடி தாத்தாவோட வால்வு ரேடியோ. காப்பிக்கொட்டை நிறத்துல பேக்லைட் பெட்டி. துடைச்சதும் பளபளன்னு ஆயிடுச்சு, இடது பக்கம் இருக்கற கருப்புத் தழும்பைத் தவிர. அது என் கைவண்ணம்.

இன்ஜினியரிங் முதல் வருஷ லீவு. ரேடியோவை நகர்த்தறேன்னு கீழே போட்டுட்டேன். பெட்டியில விரிசல். தாத்தா கடைக்குப் போயிருந்தார். சின்ன வயசுல எங்க தெருவுல ஒருத்தர் உடைஞ்ச பிளாஸ்டிக் குடத்தை சூட்டுக்கோலால இழுத்து ஒட்டித் தருவார். அதே டெக்னிக்தானேன்னு சால்டரிங் அயனை எடுத்து விரிசல்ல வச்சேன். உருகவே இல்லை. புகைஞ்சுது, கருகிச்சு, ஆஸ்பத்திரி மாதிரி ஒரு நெடி வீடு முழுக்க.

கொடுமை என்னன்னா, அந்த செமஸ்டர்லதான் இதைப் பத்தி பதினாறு மார்க் கேள்விக்கு பக்கம் பக்கமா எழுதியிருந்தேன். பெல்ஜியத்துல பொறந்த லியோ பேக்லாண்ட், அமெரிக்காவுல யாங்கர்ஸ்ங்கற ஊர்ல 1907-ல கண்டுபிடிச்சது. அப்போ மின்சாரச் சாமான்களுக்கு இன்சுலேஷனா அரக்கைப் பயன்படுத்தினாங்க. அதுக்கு மாற்று தேடித்தான் பீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துப் பார்த்தார். 1872-லயே ஜெர்மனியில அடால்ஃப் ஃபான் பேயர் இதே மாதிரி செஞ்சு பார்த்திருக்கார். அவருக்கு வேண்டியது சாயம், வந்தது பிசின். விட்டுட்டார். பேக்லாண்ட் மூடின பாத்திரத்துல சூட்டோட அழுத்தமும் குடுத்தார். கிட்டத்தட்ட நம்ம பிரஷர் குக்கர்தான். குக்கர் கைப்பிடி இன்னிக்கும் இந்த வகைப் பிளாஸ்டிக்தான்.

குடத்துப் பிளாஸ்டிக் நெய் மாதிரி. உருகும், உறையும், திரும்ப உருகும். பேக்லைட் இட்லி மாதிரி. வெந்துட்டா வெந்ததுதான், திரும்ப மாவாகாது. சூடு பட்டதும் மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு குறுக்கும் நெடுக்குமா பிணைஞ்சுக்கும். மின்சாரம் கடத்தாது, சூட்டுக்கு இளகாது. ஆனா முறுக்கு மாதிரி, கீழே விழுந்தா விரிசல்தான். மரத்தூள் கலந்துதான் கொஞ்சம் உறுதியாக்குவாங்க.

எல்லாம் தெரியும். ஆனா கையில அயன் இருந்தப்போ ஒண்ணும் ஞாபகம் வரலை.

தாத்தா வந்தார். "ஷார்ட் சர்க்யூட் ஆயிடுச்சு தாத்தா"ன்னு கூசாம சொன்னேன். முப்பது வருஷம் வயர்மேன் வேலை பார்த்தவர்கிட்ட! வாசல்லயே மோந்து பார்த்தார். தழும்பை விரலால தடவினார்.

"பேக்லைட் உருகாதுடா. கருகும்."

அவ்வளவுதான். திட்டலை, அப்பாகிட்டயும் சொல்லலை. இடது பக்கம் சுவரை ஒட்டி இருக்கற மாதிரி ரேடியோவை நகர்த்தி வச்சு, செய்தி போட்டார். பாடுச்சு.

உண்மையைச் சொல்லிடணும்னு அந்த லீவு முழுக்க நினைச்சேன். அடுத்த லீவுல சொல்லிக்கலாம்னு பஸ் ஏறிட்டேன். அதுக்குள்ள தாத்தா போயிட்டார். அவருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் சொல்லலையே.

இப்போ ரேடியோ ஹால்ல இருக்கு. "அந்தப் பக்கம் தெரியாம வையேன்டா"ன்னு அம்மா சொன்னாங்க. தெரியட்டும்னு விட்டுட்டேன்.

உங்க வீட்டுல பேக்லைட் சாமான் ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. துடைக்க ஈரத்துணி போதும். சால்டரிங் அயன் மட்டும் வேண்டாம் :-)