ஜங்கிள் வேற... மழைக்காடு வேற!

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. வயிற்றைப் பிடிச்சுக்கிட்டே வால்பாறை போய்ச் சேர்ந்தோம். ரோட்டோரம் உண்ணிச்செடியும் கொடியும் பின்னிக் கிடக்க, "செம ஜங்கிள்டா!" என்று வேன் அதிரக் கத்தினோம்.

கூட வந்த வழிகாட்டி அண்ணன் சிரித்தார். "அது வெயில் விழுற இடம் தம்பி. மரம் வெட்டுன இடத்துல இப்படித்தான் புதர் மண்டும். உள்ளே வந்து பாருங்க."

உள்ளே போனால்... மத்தியானமே இருட்டு! மேலே கிளைகள் கூரை போட்டுவிட, தரைக்கு வருவது நூற்றில் ஒன்றிரண்டு பங்கு வெளிச்சம்தான். அதனால் கீழே புதர் கம்மி, தாராளமா நடக்கலாம். (அட்டைக்கடி இலவசம்!) சினிமாவில் ஹீரோ கத்தியால் வெட்டிக்கிட்டே போவாரே, அது பெரும்பாலும் காட்டோட ஓரம் பாஸ். இன்னொரு கூத்து, 'ஜங்கிள்' பிறந்த சமஸ்கிருத வார்த்தை 'ஜாங்கலம்'. அதுக்கு அர்த்தம் வறண்ட நிலம்!

புதுத்தோட்டத்தில்தான் எங்க சிரிப்பு நின்றது. தேயிலைக்கு நடுவே தீவு மாதிரி துண்டுக்காடு, பக்கத்திலேயே ரோடு. மரத்திலேயே வாழ்கிற சிங்கவால் குரங்கு, கூரை அறுந்த இடத்தில் தார் ரோட்டில் இறங்கி ஓட வேண்டியிருக்கு. வண்டியில் அடிபட்டுச் செத்ததும் உண்டு. அதுக்காகவே ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்காங்க.

வயிற்றில் குட்டியோடு ஒரு தாய்க்குரங்கு அதில் கால் வைத்தது. டிரைவர் அண்ணன் இன்ஜினை அணைச்சார். வேனில் 14 பேர். ஒருத்தரும் கத்தலை.