சாவிக்கொத்துக்கு உயிர் உண்டா?

எங்கள் வீட்டில் சில மாதங்களாக ஒரு வழக்கு நடக்கிறது. வாதி என் மகன், வயது 36. பிரதிவாதி என் பேரன், வயது 9. மின்துறையில் லைனையும் டிரான்ஸ்ஃபார்மரையும் பார்த்தே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்ற என்னை நீதிபதி ஆக்கிவிட்டார்கள். வழக்கு இதுதான்: போக்கிமான் விளையாட்டில் புதிதாக வருகிற பிராணிகள் நன்றாக இருக்கின்றனவா, இல்லையா?

சிரிக்காதீர்கள். உலகம் முழுக்க இந்த வழக்கு நடக்கிறது. புதிய பிராணிகளின் படம் வெளியான அன்றே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ‘அந்தக் காலத்துப் பிராணிகள் மாதிரி வருமா’ என்று ஒரு கட்சி, ‘இதுதான் அழகு’ என்று இன்னொரு கட்சி. நம் வயதுக்காரர்கள் பழைய சினிமாப் பாட்டையும் புதுப் பாட்டையும் வைத்துக்கொண்டு திண்ணையில் சண்டை போட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் ஒன்றும் இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானில் சதோஷி தஜிரி என்பவர் சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பைத்தியமாக இருந்தாராம். நாம் தீப்பெட்டிக்குள் இலையைப் போட்டுப் பொன்வண்டு வளர்த்தோமே, அதே பைத்தியம்தான். அந்தச் சந்தோஷத்தை நகரத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று அவர் யோசித்ததில் பிறந்தது போக்கிமான். 1996 பிப்ரவரி 27 அன்று, கையடக்கமான கேம் பாய் கருவிக்காக ஜப்பானில் வெளியானது. விதவிதமான பிராணிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும், பழக்க வேண்டும், மோதவிட வேண்டும். முதல் விளையாட்டில் மொத்தம் 151 பிராணிகள். அதற்குப் பிறகு சில வருடங்களுக்கு ஒருமுறை புதுக் கூட்டம் சேர்ந்து, 2024 வரையில் கணக்கு 1025.

என் மகன் அந்த 151 காலத்து ஆள். 2003-இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் போக்கிமான் வந்தபோது அவன் எட்டாம் வகுப்பு. சிப்ஸ் பாக்கெட்டுக்குள் பிராணிப் படம் போட்ட வட்டத் தட்டுகள் வரும். தட்டுக்காகச் சிப்ஸ் வாங்கி, சிப்ஸைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுத் தட்டைச் சேர்த்தவன் அவன். 2016 டிசம்பரில், ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று நாம் ஏடிஎம் வாசலில் நின்ற அதே நாட்களில், தெருவில் நடந்தே பிராணி பிடிக்கிற போக்கிமான் கோ முறைப்படி இந்தியாவுக்கு வந்தது. அப்போது பேரன் கைக்குழந்தை. பால்பவுடர் வாங்க மிஷன் வீதிக்குப் போன மகன், செல்போனைப் பார்த்துக்கொண்டே கடற்கரைச் சாலையில் காந்தி சிலை வரைக்கும் நடந்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியதை என் மருமகள் இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

பேரனுக்கு இது வந்த வழி வேறு. நம் ஊரில் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டுக்கும் பிரான்ஸில் ஒரு கிளை உண்டு. என் தம்பி குடும்பம் அங்கே. 2025 அக்டோபரில் வெளியான ‘போக்கிமான் லெஜண்ட்ஸ் ஸெட்-ஏ’ என்ற விளையாட்டைத் தம்பி ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தான். அந்தக் கதை முழுக்க நடப்பது பாரீஸை மாதிரியாக வைத்து வரைந்த ஒரு நகரத்தில். நடுவில் ஈபிள் கோபுரம் போலவே ஒரு கோபுரம். “சின்னத் தாத்தா ஊர்” என்று பேரன் அதைத்தான் சொல்கிறான்.

வழக்கு அன்றைக்கே தொடங்கிவிட்டது. ஸ்டார்மி என்று ஒரு பிராணி, நட்சத்திர மீன் மாதிரி இருக்கும், நடுவில் சிவப்புக் கல். 1996 முதல் இருப்பது. இந்தப் புதிய விளையாட்டில் அது பலம் கூடி உருமாறும்போது நட்சத்திரத்தின் கீழ்முனைகள் இரண்டும் நீண்டு கால்களாகிவிடுகின்றன. ஆள் மாதிரி குடுகுடுவென்று ஓடுகிறது. பேரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மகனுக்கு முகம் சுண்டிவிட்டது. “என்னடா இது, கற்பனை வறண்டுபோச்சா இவங்களுக்கு?” என்றான்.

அவன் வைத்த குற்றச்சாட்டுகளை அப்படியே தருகிறேன். உலகத்து ரசிகர்கள் சொல்வதும் ஏறக்குறைய இவைதான்.

முதலாவது, உயிரில்லாத பொருளுக்கெல்லாம் கண் வைத்துப் பிராணி என்கிறார்கள். 2010-இல் வந்த கூட்டத்தில் ஒரு குப்பைப் பை, ஒரு கோன் ஐஸ். அந்த ஐஸ்கிரீமை வரைந்தவர் ஜேம்ஸ் டர்னர் என்ற பிரிட்டிஷ் ஓவியர். 2013-இல் ஒரு சாவிக்கொத்து. இரண்டாவது, நாலு காலில் அழகாக இருக்கிற குட்டி வளர்ந்ததும் மனிதன் மாதிரி இரண்டு காலில் எழுந்து நின்றுவிடுகிறது. 2016-இல் லிட்டன் என்ற பூனைக்குட்டி வந்தபோது, ‘இதாவது நாலு காலிலேயே இருக்கட்டும்’ என்று ரசிகர்கள் வேண்டாத தெய்வமில்லை. அது வளர்ந்து மல்யுத்த வீரனாக நின்றது. மூன்றாவது, பழையவை இரண்டு கோட்டில் வரையக்கூடிய எளிமை, புதியவை உடம்பெல்லாம் ஜோடனை.

நான் பிரதிவாதி பக்கச் சாட்சியங்களைப் பார்த்தேன். மகனையே அவனுடைய 151-ஐ ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். பாதி தூரம் வந்ததும் அவன் குரல் இறங்கியது. வோல்டார்ப் என்பது கண் வைத்த பந்து. மேக்னமைட் என்பது காந்தமும் திருகாணியும். கிரைமர் என்பது சாக்கடைச் சேறு. ஆறு முட்டைகளைச் சேர்த்து ஒரு பிராணி. பந்துக்கும் சேற்றுக்கும் உயிர் உண்டென்றால் சாவிக்கொத்து என்ன பாவம் செய்தது? அதற்கு அவன், “அப்பா, அதெல்லாம் வேற” என்றான். எப்படி வேற என்று சொல்ல அவனால் முடியவில்லை.

இரண்டு கால் குற்றச்சாட்டைக் கேட்டதும் எனக்கு நம் கோயில் தூண்கள் நினைவுக்கு வந்தன. தூணில் இருக்கிற யாளி எத்தனை காலில் நிற்கிறது? முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு பின்னங்காலில்தான். சிங்க உடம்பு, சிலவற்றுக்கு யானைத் துதிக்கை, பிதுங்கிய கண், உடம்பெல்லாம் வளையமும் மணியும். ஜோடனைக்கு யாளியை மிஞ்ச யார்? வாகன மண்டபத்தில் எட்டிப் பாருங்கள். பெண் முகமும் பசு உடம்பும் மயில் தோகையும் கொண்ட காமதேனு, தாடி வைத்த மனித முகத்தோடு மிருக உடம்பாய் இருக்கும் புருஷாமிருகம். இவற்றைப் பார்த்து வளர்ந்த நமக்கு நட்சத்திர மீனின் கால் பெரிய அதிசயமா?

கட்சிச் சண்டையும் நமக்குப் புதிதில்லை. நரசிம்மத்தின் உக்கிரத்தை அடக்கச் சிவன் சரபமாக வந்தார் என்பது சைவர் கதை: சிங்கம், பறவை எல்லாம் கலந்த உருவம். மூன்றாம் குலோத்துங்க சோழன் கட்டிய திருபுவனம் கோயிலில் இன்றும் சரபேஸ்வரரைக் கும்பிடக் கூட்டம் வருகிறது. அதற்கு வைணவர் கதை, நரசிம்மர் இரண்டு தலைப் பறவையான கண்டபேருண்டமாகி அந்தச் சரபத்தையே அடக்கினார் என்பது. பேரனிடம் இதைச் சொன்னேன். கண்ணை அகல விரித்து, “அப்போ மூணாவது உருவம் யாரு தாத்தா?” என்று கேட்டான்.

பொருளுக்கு உயிர் என்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. நூறு வருடம் புழங்கிய குடைக்கும் விளக்குக்கும் உயிர் வந்துவிடும் என்று ஜப்பானில் பழைய நம்பிக்கை உண்டு. நமக்கு அது புரியாமல் போகாது. ஆயுத பூஜை அன்று எங்கள் சப்-ஸ்டேஷனில் டிரான்ஸ்ஃபார்மருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கட்டிங் பிளேயரை இலையில் வைத்துக் கும்பிட்டிருக்கிறோம். பிகாச்சு என்ற மஞ்சள் எலி விடும் மின்சார அடிக்கு ஜப்பானிய மொழியில் ‘ஒரு லட்சம் வோல்ட்’ என்று பெயராம். எங்கள் 110 கிலோவோல்ட் லைன் அதைவிடப் பத்தாயிரம் வோல்ட் அதிகம் என்று சொன்ன நாளிலிருந்து பேரனுக்கு என்மேல் தனி மரியாதை.

மகன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 2019-இல் வந்த விளையாட்டில் பழைய பிராணிகள் பலவற்றைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அதுவரை ஒவ்வொரு விளையாட்டாக, வருடக்கணக்கில் கூடவே கொண்டுவந்த பிராணிக்கு அங்கே இடமில்லை என்றதும் உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். புதியதன்மேல் வருகிற கோபத்தில் பாதி, பழையது போய்விடுமோ என்கிற பயம். 2022 நவம்பர் 30 காலையில் மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி யானை விழுந்து இறந்தபோது ஊரே தெருவுக்கு வந்து அழுததே. அன்று யாராவது வந்து, வேறு யானை வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தால் நாம் அவரைச் சும்மா விட்டிருப்போமா?

ஆனால் எனக்கு இந்த வழக்கில் கவலை வேறு. போன மாதம் கவனித்தேன், அப்பா அலுவலகத்திலிருந்து வருகிற சத்தம் கேட்டதும் பேரன் விளையாட்டை மூடிவைத்துவிடுகிறான். வரைந்த படங்களை நோட்டுக்குள் செருகிவிடுகிறான். ஏன்டா என்றால், “அப்பா சிரிப்பாரு தாத்தா” என்றான். மகன் கெட்ட எண்ணத்தில் சிரிக்கிறவன் இல்லை. தனக்குப் பிடித்த ஒரே உலகம் மகனுக்கும் பிடித்திருக்கிறதே என்கிற சந்தோஷத்தில்தான் அவன் வாதாடுகிறான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது தெரியுமா? அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து பேச அமைந்த ஒரு பேச்சு, வாசலிலேயே நின்றுவிடும் போல் இருந்தது.

இதை மகனிடம் தனியாகச் சொன்னேன். “நீ சேர்த்த தட்டையெல்லாம் குப்பை என்று நான் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? 151-ஐ நீ பார்த்தது பதின்மூன்று வயதில். அவன் பார்ப்பது ஒன்பது வயதில். அவனுக்கு முதலில் வந்தது இந்தக் கால் முளைத்த மீனும் சாவிக்கொத்தும்தான். உனக்குப் பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல். அவனுக்கு ஏன் பிடிக்கிறது என்றும் ஒரு தடவை கேள்.” அவன் பதில் சொல்லவில்லை.

பிறகு நடந்தது தற்செயல். தம்பி பேத்தி பாரீஸிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசினாள். பேரனுக்கும் அவளுக்கும் பெயர்த் தகராறு. பிரெஞ்சில் பிராணிகளுக்கு வேறு பெயர். இவன் புல்பசார் என்பதை அவள் புல்பிஸார் என்கிறாள், இவனுடைய க்ளெஃப்கி என்ற சாவிக்கொத்து அவளுக்கு த்ரூசலேன். இந்தியிலும் நூற்றுக்கணக்கான பிராணிகளுக்கு 2023-இல் பெயர் வைத்துவிட்டார்கள். “தமிழ்ல என்ன பேரு தாத்தா?” என்றான் பேரன். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. நாமே வைக்கலாம் என்றேன்.

சாவிக்கொத்தில் ஆரம்பித்தோம். பேரன் விளையாட்டில் அதைப் பற்றி எழுதியிருப்பதைச் சொன்னான். பழைய காலத்தில் பிரபுக்கள் தங்கள் பெட்டகச் சாவிகளை இந்தப் பிராணியிடம் ஒப்படைத்து, தலைமுறை தலைமுறையாக அதை வீட்டில் வைத்துக் காப்பாற்றினார்களாம். எனக்கு அம்மாவின் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து ஞாபகம் வந்தது. அம்மா வருவது அந்தச் சத்தத்தில்தான் எங்களுக்குத் தெரியும். அதைச் சொன்னேன். பேரன் யோசித்து, “சாவிக்கொத்தன்” என்றான்.

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மகன் அங்கிருந்தே, “கொத்தன்னா சுவர் கட்டறவன்டா. கலகலச்சாவின்னு வை. சத்தமும் வந்துடும்” என்றான்.

பேரன் நோட்டை மூடவில்லை. “அப்பா, அப்ப குப்பைப் பைக்கு?” என்று கேட்டான். மகன் கைகூடக் கழுவாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ராத்திரி சாப்பாடு ஆறிப்போனதற்கு மருமகள் என்னைத்தான் திட்டினாள்.