தமையனின் எழுத்து

துப்பறியும் கதைகளிலே குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பது கைரேகை, அன்றேல் ஒரு சிகரெட்டுத் துண்டு. அமெரிக்கச் சமஷ்டிப் புலனாய்வுத் துறையினரின் மிக நீண்ட வேட்டைகளுள் ஒன்றிலோ, அவனைக் காட்டிக்கொடுத்தது அவனுடைய வசனநடை. அவ்வழக்கைப் பற்றி வாசிக்குந்தோறும் என் நெஞ்சில் நிற்பது துப்பறிந்தோர் திறமையன்று. ஒரு தம்பி பட்ட பாடே.

1978 தொடக்கம் 1995 வரை பேராசிரியர்களுக்கும் வேறு பலருக்கும் அவன் வைத்த குண்டுகள் பதினாறு. சில தபாலில் வந்தன. மூவர் மாண்டனர், 23 பேர் காயமுற்றனர். உளநூல் வழிநின்று குற்றவாளியின் குணத்தை ஊகிப்போர், கல்வித்துறையோடு தொடர்புடைய கூர்மதியினன் என்று தொடக்கத்திற் கூறினர். பின்னர் அக்கருத்தைக் கைவிட்டு, விமானம் திருத்தும் தொழிலாளி ஒருவனைத் தேடினர். முதல் ஊகமே சரியானதென்பது கைதுக்குப் பின்னரே வெளியாயிற்று.

தன் கட்டுரையை வெளியிட்டாற் கொலைகளை நிறுத்துவதாக அவன் எழுதினான். 35,000 சொற்கொண்ட அக்கட்டுரையை 1995 செப்டெம்பரில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ வெளியிட்டது. வாசகர் எவரேனும் அந்நடையை இனங்காணக் கூடுமென்பது புலனாய்வாளர் நம்பிக்கை.

இனங்கண்டவர் டேவிட் கசின்ஸ்கி. முதலில் ஐயுற்றவர் அவருடைய மனைவி லிண்டா. கணவரின் தமையனை அவர் நேரிற் கண்டதேயில்லை! டேவிட் நம்ப மறுத்தார். பிறகு தமையனின் பழைய கடிதங்களைப் புரட்டினார். அவர் அடிக்கடி கையாளும் ‘நிதானமான தருக்கவாதிகள்’ என்ற தொடர் பத்திரிகையிலும் இருந்தது. உடன்பிறந்தானுக்கு அது குரலைக் கேட்பது போன்றதல்லவா?

பேசினால் தமையனுக்கு மரண தண்டனை கிடைக்கலாம். பேசாவிடின் முன்பின் அறியாத ஒருவர் நாளை ஒரு பொதியைத் திறக்கலாம். டேவிட் வழக்கறிஞர் மூலம் அதிகாரிகளுக்கு அறிவித்தார். 1996 ஏப்பிரல் 3இல், மொண்டானா மாநிலத்தில், மின்சாரமற்ற சிறு குடிசையொன்றில் தியடோர் கசின்ஸ்கி பிடிபட்டார். ஹாவார்ட்டிற் பயின்று, பேர்க்லியிற் கணிதம் கற்பித்தவர் அவர்.

அரசு மரண தண்டனையையே கோரிற்று. தம்பியும் முதிய தாயும் உயிர்ப்பிச்சை கேட்டு மன்றாடினர். 1998 ஜனவரியில் தியடோர் குற்றத்தை ஒப்புக்கொண்டதனால் ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. பத்து இலட்சம் டொலர் வெகுமதியின் பெரும்பகுதியை டேவிட், குண்டுகளுக்கு இரையானோரின் குடும்பங்களுக்கு ஈந்தார்.

தமையனுக்கு அவர் சிறைக்குப் பல கடிதங்கள் எழுதினார். தியடோர் 2023 ஜூன் மாதம் இறந்தார். தம்பியின் கடிதம் ஒன்றுக்கேனும் அவர் பதில் எழுதவில்லை.