எங்கள் கடன்கள்

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. வாங்கியதைத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பும் கடன். செய்தே தீர வேண்டிய கடமையும் கடன். பிழைப்பு நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு இவ்விரண்டும் நன்கு பழகியவை. மாதத்தின் முதல் வாரத்தில் அஞ்சல் நிலைய வரிசையில் நின்று ஊருக்குப் பணவிடை அனுப்பிய தலைமுறை எங்களுடையது. அந்தத் தாளின் அடியில் விட்டிருந்த இரண்டு விரற்கடை இடத்தில் நலம் விசாரித்து ஒரு வரி எழுதுவோம். எழுதிக் கொடுத்து இரசீதும் பெற்றுவிட்டால், அம்மாதத்துக் கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக வீடு திரும்புவோம். அவ்வாறு தீராத கடன் ஒன்றைப் பற்றி எழுத விழைகிறோம்.

கிறிஸ்தவர்கள் நாள்தோறும் சொல்லும் பரமண்டல ஜெபத்தில் மன்னிப்பு வேண்டும் பகுதி ஒன்று உண்டு. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, அவ்விடத்தில் பாவம் என்று சொல்லாமல் கடன் என்னும் சொல்லையே ஆண்டிருக்கிறது. அந்த ஜெபத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. தொடக்கம் முதல் முடிவு வரை அது பன்மையிலேயே அமைந்தது. தனக்கென்று மட்டும் ஒருவர் கேட்பதற்கு அதில் இடமில்லை. இக்கட்டுரையில் நாங்களும் பன்மையிலேயே பேசுகிறோம். இதில் வரும் குற்றம் கணவன் மனைவி இருவருக்கும் பொதுவானது.

எங்கள் ஊர் நாசரேத்துக்குத் தெற்கே, செம்மணல் தேரியின் ஓரத்தில் உள்ள ஒரு சிற்றூர். 1964ஆம் ஆண்டு, இன்று பெல் என்று அழைக்கப்படும் போபால் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் வண்டியில் வந்து இறங்கினோம். அண்ணன் ஊரிலேயே தங்கிவிட்டார். பெற்றோரையும் பனைவிளையையும் பார்த்துக்கொண்டவர் அவரே. 1981இல் தந்தையார் காலமானார். மறு ஆண்டு, எங்களிடம் ஒரு சொல் கேட்காமல், அண்ணன் அந்தப் பனைவிளையை விற்றுவிட்டார். உறவினர் ஒருவரின் கடிதத்தால்தான் செய்தி எங்களுக்கு எட்டியது.

அன்றிரவே அண்ணனுக்கு நீண்ட கடிதம் எழுதினோம். 18 ஆண்டுகளில் ஊருக்கு அனுப்பிய பணவிடைகளைக் கூட்டி மொத்தத் தொகையையும் அதில் குறித்தோம். எங்கள் பங்கு எங்கே என்று கேட்டோம். மறுமொழி வரவில்லை. அதன்பின் நாங்களும் எழுதவில்லை. 1989இல் அன்னையார் மறைந்தபோது சென்றோம்; கல்லறைத் தோட்டத்தில் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நாங்கள். மண் தூவிவிட்டு மறுநாளே வண்டி ஏறினோம்.

இத்தனைக்கும் நாங்கள் பக்தியுள்ள குடும்பம் என்று பெயர் எடுத்தவர்கள். மது இல்லை, புகையிலை இல்லை, கைக்கூலி வாங்கிய கறை இல்லை. இந்தி ஆராதனை முடிந்தபின் அதே ஆலயத்தில் நடக்கும் தமிழ் ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் பொறுப்பும் எங்களிடம் இருந்தது. பரிசுத்தம் என்றால் தீட்டானதைத் தொடாமல் இருத்தல் என்று எங்கள் மனம் பொருள் கொண்டிருந்தது. தொடாத பொருள்களின் பட்டியலில் அண்ணனையும் சேர்த்துவிட்டோம் என்பது நெடுங்காலம் உறைக்கவில்லை. திருவிருந்துக்கு முன் குருவானவர், அயலாரோடு சமாதானமாய் இருப்பவர்களை அழைப்பார். எங்கள் வலப்பக்கத்து வீட்டில் பஞ்சாபியர். இடப்பக்கத்து வீட்டில் மலையாளிகள். இரு குடும்பத்தாரோடும் சமாதானமாகவே இருந்தோம். ஆகவே தயங்காமல் எழுந்து முன்னே செல்வோம்!

1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவும் அதைத் தொடர்ந்த விடியலும் போபாலுக்கு என்ன செய்தன என்பதை உலகம் அறியும். நச்சுவாயு பழைய நகரத்தின் தெருக்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. எங்கள் குடியிருப்பு தப்பியது. அந்த வாரம் அண்ணனிடமிருந்து ஒரு தந்தி வந்தது. நலமா, உடனே தெரிவிக்கவும் என்னும் அளவே செய்தி. இரண்டு ஆண்டுகளாக வாய் திறவாதவர் இப்போது மட்டும் ஏன் கேட்கிறார் என்று பேசிக்கொண்டோம். மறு தந்தி கொடுக்கவில்லை. தந்தித் தாளை மடித்து மேசை இழுப்பறையில் போட்டோம்.

ஆண்டுகள் உருண்டன. பிள்ளைகள் படித்து வேறு வேறு நகரங்களுக்குச் சென்றனர். பணி ஓய்வும் வந்தது. 2017 நவம்பர் 4ஆம் நாள், குடியிருப்பில் உள்ள கத்தோலிக்க அன்பர்களுடன் பேருந்தில் இந்தூர் சென்றோம். சகோதரி ராணி மரியாவுக்கு அன்று அங்கே அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. விழாக் காணும் ஆவலில் சென்றோமே தவிர, வேறு நோக்கம் எங்களுக்கு இல்லை.

ராணி மரியா கேரளத்தில் பிறந்தவர்; பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையின் துறவி. மத்தியப் பிரதேசத்தின் உதயநகர் பகுதியில் பழங்குடி உழவர்களிடையே பணி செய்தார். வட்டிக்குக் கொடுப்போரின் பிடியில் சிக்கியிருந்த அவ்வேழைகள், தாங்களே சிறுகச் சேமித்துக் கடனிலிருந்து மீள வழி காட்டினார். அவர்கள் மீண்டதால் வருவாய் இழந்தவர்களுக்கு அவர் பகையானார். 1995 பிப்ரவரி 25ஆம் நாள், இந்தூர் செல்லும் பேருந்திலேயே சமுந்தர் சிங் என்னும் இளைஞர் அவரைக் கத்தியால் 50க்கும் மேற்பட்ட முறை குத்திக் கொன்றார். கொலையாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

கொலையுண்டவரின் தங்கை செல்மி பால், அதே சபையின் துறவி. 2002ஆம் ஆண்டு ரக்ஷா பந்தன் நாளில் அவர் சிறைக்குச் சென்று, தம் அக்காளைக் கொன்றவரின் கையில் ராக்கி கட்டி, அவரைத் தம் உடன்பிறந்தவராக ஏற்றுக்கொண்டார். பின்னொரு நாள் அவர்களின் தாயாரும் சமுந்தர் சிங்கைச் சந்தித்து அவருடைய கைகளை முத்தமிட்டார். தம் மகளின் குருதி படிந்த கைகள் அவை. குடும்பத்தாரின் இசைவும் துணை நிற்க, 2006இல் அவர் விடுதலை பெற்றார்.

இவ்வரலாறு முன்பே செய்தித்தாளில் படித்ததுதான். ஆனால் அன்று அந்த மைதானத்துக் கூட்டத்தின் நடுவே அமர்ந்திருந்தபோது, அது வேறு விதமாக வந்து தைத்தது. அந்தத் தாய் கொலையாளியைத் தம் மகனாக்கிக்கொண்டார். நாங்களோ ஒரு பனைவிளைக்காகக் கூடப் பிறந்தவரை அயலாராக்கிவிட்டோம்.

திரும்பும் வழியில், பேருந்தின் மங்கிய விளக்கொளியில் ஒரு கணக்குப் போட்டோம். கணக்குப் பார்ப்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்றல்லவா? எத்தனை முறை மன்னிப்பது, ஏழு முறை போதுமா என்று பேதுரு கேட்டபோது, இயேசு ஒரு கதை சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். அரசனிடம் ஒருவன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். அரசன் அதை முழுவதும் தள்ளுபடி செய்தான். அவனோ வெளியே வந்ததும், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன்வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்தான். அக்காலத்தில் ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 நாள் கூலி. ஆகவே அவனுக்கு விடப்பட்ட கடன் 6 கோடி நாள் கூலி. அவன் விட மறுத்தது 100 நாள் கூலி. ஒன்று மற்றதைப் போல் 6 லட்சம் மடங்கு! இக்கதையைச் சபையில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். கழுத்தைப் பிடித்த கை யாருடையது என்று அன்றுதான் பார்த்தோம்.

2018 ஜனவரியில் ஊருக்குப் புறப்பட்டோம். வண்டியில் இரண்டு நாளும் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தோம். பழையதை மறந்து அண்ணனை மன்னித்துவிட்டோம் என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட வேண்டும் என்பது திட்டம். மன்னிப்பு எங்கள் கையில் இருக்கும் பொருள் என்றும், அதைக் கொடுக்கவே போகிறோம் என்றும் நினைத்தோம்.

அண்ணன் தார்சாவில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். மிகவும் இளைத்திருந்தார். எங்களைக் கண்டதும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “வாடே, சாப்பிட்டீங்களா?” என்றார். 36 ஆண்டுகளுக்குப் பின் எங்களிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது. ஒத்திகை பார்த்த பேச்சு எதுவும் நாவில் வரவில்லை.

சோறு பரிமாறும்போது மதினிதான் பேச்செடுத்தார்கள். “வாயு வந்த வருசம், உங்க அண்ணன் அந்தத் தந்தியை அடிச்சிட்டு மூணு நாளு தபாலாபீசு வாசல்லயே கெடந்தாவ. வீட்டுக்கு வந்து சோறு தின்னல. நாலாம் நாளு வேற யாரோ சொல்லித்தான் நீங்க உசிரோட இருக்கது தெரிஞ்சுது.”

அதைச் சொன்னபோது மதினியின் குரலில் குறை கூறும் தொனிகூட இல்லை. தந்தையாரின் வைத்தியத்துக்கு வட்டிக்கு வாங்கிய பணம் பெருகிவிட்டதால் பனைவிளை போயிற்று என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். இந்தச் செலவெல்லாம் எப்படி நடந்தது என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. அண்ணன் தலை குனிந்தபடி, “கேக்காம வித்தது என் தப்புதான், டே” என்றார். நாங்கள் இருவரும் எழுந்து அவர் காலடியில் அமர்ந்தோம். மன்னிக்கப் போனவர்கள் மன்னிப்புக் கேட்டுத் திரும்பினோம்.

மன்னிப்பைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். போபாலில் வாழ்ந்துகொண்டு அதை எளிதாகப் பேசிவிட முடியாது. நச்சுவாயுவுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், போனது போகட்டும் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. பிறருக்கு இழைக்கப்பட்ட தீமையை நாம் மன்னிக்க இயலாது. நமக்கு இழைக்கப்பட்டதையே மன்னிக்க இயலும். மன்னிப்பு நீதியின் கையைக் கட்டுவதும் இல்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரு சிறு மகன்களும் வண்டிக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அவர் மனைவி கிளாடிஸ் அறிவித்தார். நீதிமன்றங்கள் தம் கடமையைத் தொடர்ந்தன. முதன்மைக் குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கிளாடிஸோ அக்கொலைகளுக்குப் பின்னும் சில ஆண்டுகள் பாரிபதாவில் தங்கித் தொழுநோயாளருக்குப் பணி செய்தார். தண்டனை அரசின் கடன். வெறுப்பை இறக்கி வைப்பது அவருடைய கடன். இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை.

தூய வாழ்வு என்றதும் துறவியரும் தவசிகளும் நம் நினைவுக்கு வருகின்றனர். ஆனால் திருவள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தை வைத்திருப்பது இல்லறவியலில். பிறர் செய்த பிழையைப் பொறுப்பது மனைவி மக்களோடு, அண்ணன் தம்பியரோடு வாழ்பவனுக்கு உரிய அறம் என்பது அவர் கருத்தாதல் வேண்டும். எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல், கோபம் சூரியன் மறையும் வரை நீடிக்கலாகாது என்று தவணை வைக்கிறார். எங்கள் கோபம் பதின்மூவாயிரம் சூரியன்களைத் தாண்டிவிட்டது. இப்போது படுக்கும் முன் அன்று எவரோடு முகம் திருப்பினோம் என்று இருவரும் கேட்டுக்கொள்கிறோம். காய்கறிக்காரரிடம் கடிந்து பேசியிருந்தால், மறுநாள் காலை அதைச் சரி செய்வது முதல் வேலை. பரிசுத்தம் என்பது எங்களுக்கு இன்று இவ்வளவுதான்: கடனை மறுநாளுக்கு வளரவிடாமை.

2021இல் அண்ணன் மறைந்தார். இடையில் கிடைத்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் தொலைபேசியில் பேசிக்கொண்டோம். பெரும்பாலும் மழையைப் பற்றியும் மருந்தைப் பற்றியும்தான். இழந்த 36 ஆண்டுகளுக்கு அது ஈடாகாது. அந்தத் தந்தி இன்னும் எங்கள் இழுப்பறையில் இருக்கிறது. அதற்குரிய மறுமொழியைத்தான் 33 ஆண்டுகள் தாமதித்து நேரில் கொண்டு சேர்த்தோம்.

சங்கத்து அன்பர்களே! நம்மில் எவர் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், ஊருக்குப் போகும்போது நாம் நுழையாமல் கடந்து போகும் வீடு ஒன்று பலருக்கும் இருக்கும். அந்த வீட்டில் நமக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று நமக்குத் தெரியும். நாம் தரவேண்டியது எவ்வளவு என்பது உள்ளே போய் அமர்ந்தால்தான் தெரியும். அடுத்த விடுமுறைக்குப் பயணச்சீட்டு எடுக்கும்போது, அந்த வீட்டுக்கென்று ஒரு பகலை ஒதுக்கி வையுங்கள். அங்கே சோறு இருக்கும்.